வால்வு மாற்றிய பிறகு ஏடிஎச்டி மாத்திரை: யாரிடம், எப்போது, எந்தக் காகிதத்தோடு

எனக்கு இதயத்தில் இருந்த அயோர்ட்டிக் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பிருந்தே ஏடிஎச்டிக்கு (கவனம் சிதறும், மறதி கூடும் கோளாறு) மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தேன். ஆபரேஷனுக்காக நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். திரும்ப எப்போது ஆரம்பிக்கலாம் என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்க ஏழு மாதம் ஆனது. "அது மனநல மருத்துவர் விஷயம், அவரைக் கேளுங்கள்" என்றார் இதய மருத்துவர். "இதயத்துக்குப் பார்ப்பவர் எழுதித் தந்தால் நான் தருகிறேன்" என்றார் மனநல மருத்துவர். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. நடுவில் நான் அலைந்தேன்.

அந்த ஏழு மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாராந்தர மாத்திரை டப்பாவைத் திறந்தேன். செவ்வாய், புதன் இரண்டு அறையிலும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை அப்படியே கிடந்தது. சாப்பிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) பார்த்தால் 1.4. எனக்கு இருக்க வேண்டியது 2 முதல் 3 வரை. மெட்டல் வால்வில் ரத்தம் உறைந்தால் வால்வே அடைபடலாம், பக்கவாதம் வரலாம். ஏடிஎச்டி மாத்திரை இதயத்துக்கு ஆபத்து என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். ஏடிஎச்டி மாத்திரை இல்லாததால் வார்ஃபரின் மறந்துபோவதும் இதயத்துக்கு ஆபத்துதான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மருத்துவரிடம் பேசும்போது இதைத்தான் நீங்கள் முதலில் சொல்ல வேண்டும்.

கீழே இருப்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை. மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்கள் மருத்துவர்கள். அவர்களிடம் போய்ச் சேரும் வழி மட்டும் இது.

1. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையைத் தொடாதீர்கள்

ஆபரேஷனுக்கு முன் சாப்பிட்ட அதே மாத்திரை அலமாரியில் இருக்கும். "முன்பு ஒத்துக்கொண்டதுதானே" என்று தோன்றும். முன்பு இருந்த இதயம் வேறு, இப்போது இருப்பது வேறு. புதிதாக, நாடியையும் பிபியையும் இறக்கும் பீட்டா பிளாக்கர் வந்திருக்கும், வார்ஃபரின் வந்திருக்கும், துடிப்பு ஒழுங்காக இருக்க அமியோடரோன் வந்திருக்கலாம். அந்தப் பழைய அளவு இந்தக் கூட்டத்துக்கு நடுவில் எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெடமின் வகைகளை நிறுத்தியதால் சோர்வும் தூக்கமும் எரிச்சலும் சில நாள் வரலாம், சரியாகிவிடும். ஆனால் நீங்கள் சாப்பிட்டது குவான்ஃபசின் அல்லது குளோனிடின் என்றால் கதை வேறு. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறும். ஆபரேஷனுக்குப் போகும் முன்பே மயக்க மருத்துவரிடம் இவற்றின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் இன்னும் நடக்காதவர்கள் இதைப் படித்தால், இந்த ஒரு வரியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் வால்வு எது, உங்கள் மாத்திரை எது

இரண்டையும் சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வால்வில் மூன்று நிலைமை உண்டு. மெட்டல் வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் போன்ற மருந்து. ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புதிய வகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் மெட்டல் வால்வுக்கு ஆகாது. திசு வால்வு என்றால் பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதம் வார்ஃபரின், பிறகு பலருக்கு ஆஸ்பிரின் மட்டும். பழைய வால்வையே சரிசெய்திருந்தால் அதுவும் கிட்டத்தட்ட திசு வால்வு போலத்தான். ஏடிஎச்டி மாத்திரை விஷயத்தில் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்: ஐஎன்ஆர். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

மாத்திரையில் இரண்டு கூட்டம். ஊக்க வகை: மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ஆம்ஃபெடமின், லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெடமின். இவை சராசரியாகப் பிபியைச் சில புள்ளிகளும் நாடியை நிமிடத்துக்குச் சில துடிப்புகளும் ஏற்றும். சராசரி என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சிலருக்கு ஒன்றுமே ஏறாது, சிலருக்கு நன்றாகவே ஏறும். நீங்கள் எந்த ரகம் என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஊக்க வகை அல்லாதவை: அட்டமாக்ஸெடின், குவான்ஃபசின், குளோனிடின். "ஊக்க மருந்து இல்லை, அதனால் இதயத்துக்குப் பாதுகாப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். இது பெரிய பொறி. அட்டமாக்ஸெடினும் நாடியையும் பிபியையும் ஏற்றும். குவான்ஃபசினும் குளோனிடினும் நேர்மாறு, இறக்கும். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு நாடி அளவுக்கு மீறி இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும்.

மனச்சோர்வுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதையும் பட்டியலில் எழுதுங்கள். ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் அட்டமாக்ஸெடினின் அளவை ரத்தத்தில் கூட்டும், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பையும் கூட்டும். ஏடிஎச்டிக்குச் சில நேரம் தரப்படும் ப்யூப்ரோபியான், மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டும்.

3. காகிதங்களைச் சேருங்கள்

நான் முதல் முறை வெறுங்கையோடு போனேன். "ரிப்போர்ட் இல்லாமல் என்ன சொல்வது" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு சந்திப்பும் அதற்கான கட்டணமும் போனது. ஒரே கோப்பில் இவை இருக்க வேண்டும்:

டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் வால்வின் வகை, அளவு, ஆபரேஷன் தேதி இருக்கும். ஆபரேஷனுக்குப் பின் துடிப்பு தாறுமாறானதா என்பதும் எழுதியிருக்கும். வால்வு ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் இப்படி ஆவது மிகச் சாதாரணம், பலருக்கு நமக்கே சொல்லாமல் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் ஏடிஎச்டி மாத்திரை முடிவுக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

வால்வு அட்டை. ஆபரேஷன் முடிந்ததும் கையில் தரும் சிறிய அட்டை. தொலைத்திருந்தால் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்கோ (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) அறிக்கை. இதை நகலாக மட்டும் வைத்திருக்காமல் ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்ற சதவீதம், வால்வைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா, வால்வைத் தாண்டும் அழுத்தம் எவ்வளவு, பெருநாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கு விஷயம் தேடுங்கள். கடைசியது பிறவியிலேயே இரண்டு இதழ் அயோர்ட்டிக் வால்வு இருந்தவர்களுக்கு ரொம்ப முக்கியம். அவர்களில் பலருக்குப் பெருநாடியும் விரிந்திருக்கும். வால்வை மாற்றினாலும் அந்த விரிவு அப்படியே இருக்கலாம். அங்கே சின்னப் பிபி ஏற்றத்துக்கும் அர்த்தம் உண்டு. அறிக்கையில் அந்த எண் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கடைசி ஈசிஜி, கடைசி ஆறு ஐஎன்ஆர் எண்கள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், ஏடிஎச்டி என்று உறுதிசெய்த அறிக்கை, முன்பு சாப்பிட்ட மாத்திரையின் பெயரும் அளவும் பக்க விளைவும். குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்; கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ஸ்கேன் எடுத்துக் கைபேசியிலும் வையுங்கள். ஏடிஎச்டி உள்ளவர்களுக்குக் கோப்பை வீட்டில் வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போவது புதிதில்லை.

4. எப்போது கேட்பது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த உடனே கேட்டால் பதில் "இப்போது வேண்டாம்" என்றுதான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. மார்பெலும்பு கூடவே 6 முதல் 12 வாரம் ஆகும். ரத்தச்சோகை இருக்கும், மருந்துகளின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். அமியோடரோன் கொடுத்திருந்தால் அது ஐஎன்ஆரை ஏற்றும், நிறுத்திய பிறகும் பல வாரம் உடம்பில் தங்கும். அந்த நேரத்தில் புது மாத்திரையை நுழைத்தால் எது எதனால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. இதய நுரையீரல் இயந்திரத்தில் வைத்து ஆபரேஷன் செய்த பிறகு சில வாரமோ மாதமோ மூளை மந்தமாக இருப்பது பலருக்கு நடக்கும். வாசித்த வரியே திரும்ப வாசிப்போம், பெயர் நினைவுக்கு வராது. பீட்டா பிளாக்கரும் தூக்கக் குறைவும் இதைக் கூட்டும். நான் இதை முழுக்க ஏடிஎச்டி என்று நினைத்துப் பதறினேன். நான்காவது மாதத்தில் பாதி தானாகவே விலகியது. மிச்சமிருந்ததுதான் என் பழைய ஏடிஎச்டி. இந்த மந்தத்தை வைத்துக்கொண்டு மாத்திரை அளவைக் கணக்குப் போட்டிருந்தால் தேவைக்கு மேல் போயிருக்கும்.

சரி, எப்போது? ஆபரேஷனுக்குப் பிறகான முதல் முழு எக்கோவைப் பொதுவாக 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் எடுப்பார்கள். அந்தச் சந்திப்பையே இதற்கும் பயன்படுத்துங்கள். எக்கோ முடிவு கையில் இருக்கும், மருத்துவரும் உங்கள் இதயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. தனியாக இன்னொரு சந்திப்பு, இன்னொரு கட்டணம் மிச்சம். சந்திப்புக்கு இரண்டு வாரம் முன்பே, "ஏடிஎச்டி மருந்து பற்றியும் பேச வேண்டும்" என்று வரவேற்பில் சொல்லி வையுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு "அப்புறம் இன்னொரு விஷயம் டாக்டர்" என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன்.

5. வீட்டில் இரண்டு வாரம் பிபியும் நாடியும் எழுதுங்கள்

மாத்திரை ஆரம்பிக்கும் முன் உங்கள் எண் என்ன என்று தெரியாவிட்டால், ஆரம்பித்த பிறகு ஏறியதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? மேல்கையில் கட்டும் பிபி கருவி போதும், மணிக்கட்டு வகை வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கருவி தடுமாறும். மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள்.

காபி, டீ குடித்த அரை மணிக்குள் எடுக்காதீர்கள்.

6. இதய மருத்துவரிடம் எதைக் கேட்பது

"ஏடிஎச்டி மாத்திரை சாப்பிடலாமா?" என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பாதுகாப்பான பதில் "வேண்டாம்" மட்டுமே. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் "இதயத்தில் அமைப்புக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும்" என்றுதான் இருக்கும். அந்த வரியைப் படித்து நான் ஒரு வாரம் தூங்கவில்லை. ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு வெளியிட்ட ஏடிஎச்டி வழிகாட்டியில், இதய ஆபரேஷன் செய்தவர்களுக்கு மருந்து ஆரம்பிக்கும் முன் இதய மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, தரவே கூடாது என்று இல்லை. நன்றாக வேலை செய்யும் வால்வு, நல்ல இதயத் தசை, ஒழுங்கான துடிப்பு உள்ளவரின் நிலைமை ஒன்று. துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு, கட்டுப்படாத பிபி, விரிந்த பெருநாடி, இதய ரத்தக்குழாய் அடைப்பு இவற்றில் ஏதாவது மிச்சமிருப்பவரின் நிலைமை வேறு. இரண்டாம் வகையில் உங்கள் மருத்துவர் மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது, வற்புறுத்தாதீர்கள்.

நான் கடைசியில் கேட்டு வாங்கியது ஒரு கடிதம். அதில் நான்கு விஷயம் இருக்கும்படி கேளுங்கள். ஒன்று, எந்த மருந்து, அதிகபட்சம் எவ்வளவு அளவு வரை இதயத்தின் பக்கமிருந்து தடையில்லை. இரண்டு, பிபியும் நாடியும் எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். மூன்று, ஆரம்பிக்கும் முன்னும் பின்னும் என்ன சோதனை. நான்கு, ஏதாவது ஆனால் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது.

இரண்டாவது விஷயம்தான் எனக்குக் கதவைத் திறந்தது. என் மருத்துவர் "ஓய்வில் நாடி 100, பிபி 140/90, இதைத் தொடர்ந்து தாண்டினால் நிறுத்தி எனக்குச் சொல்லவும்" என்று எழுதினார். உங்களுக்கு வேறு எண் எழுதுவார், என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். எண் ஒன்று எழுத்தில் இருந்ததும் மனநல மருத்துவரின் பயம் போய்விட்டது. அவர் பயந்தது என் இதயத்துக்காக மட்டும் இல்லை; எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதற்காகவும்தான்.

24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் ஈசிஜி கருவி) எழுதித் தந்தால் தயங்காமல் செய்யுங்கள். பத்து நொடி ஈசிஜியில் சிக்காதது அதில் சிக்கலாம்.

வார்ஃபரின் மறந்த நாட்களின் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். "மறந்துபோகிறேன் டாக்டர்" என்று வாயால் சொன்னபோது தலையாட்டினார். ஆறு மாதத்தில் பதினோரு தேதிகளை எழுதிக் காட்டியபோது நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தார்.

7. மனநல மருத்துவரிடம்

கடிதம் வந்த பிறகு இது சுலபம். கடிதத்தின் நகல், இரண்டு வாரப் பிபி பட்டியல், மருந்துப் பட்டியல் மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள்.

பேச வேண்டியது: குறைந்த அளவிலிருந்து ஆரம்பிப்பது, மெதுவாக ஏற்றுவது, எந்த வடிவம் என்பது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் 3, 4 மணி நேரத்தில் இறங்கிவிடும். நீண்ட நேர வகை 12 மணி நேரம் வரை இருக்கும், லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெடமின் அதையும் தாண்டலாம். எனக்கு முதல் இரண்டு வாரம் குறுகிய நேர வகை கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மதியத்துக்குள் உடம்பை விட்டுப் போய்விடும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு நீண்ட நேர வகைக்கு மாறினேன். அட்டமாக்ஸெடின் என்றால் பொறுமை வேண்டும், முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம்.

8. முதல் மாத்திரை

விடுமுறை நாளில் ஆரம்பிக்காதீர்கள், தனியாக இருக்கும் நாளிலும் வேண்டாம். மருத்துவமனை திறந்திருக்கும் வேலைநாள் காலை, பக்கத்தில் யாராவது இருக்கட்டும். முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். மாத்திரைக்கு முன் பிபி, நாடி. ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. அன்று காபி வேண்டாம்.

மெட்டல் வால்வுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும்: அறை அமைதியாக இருந்தால் நம் வால்வின் சத்தம் நமக்கே கேட்கும். முதல் நாள் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். மாத்திரைக்கு முன் நிமிடத்துக்கு 74 டிக். இரண்டு மணி நேரம் கழித்து 86. சத்தம் வேகமானதைக் கேட்டதே பயத்தைக் கிளப்பி இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கும். மதியம் 76க்கு வந்தது. மூன்றாவது வாரத்தில் ஏற்றம் ஐந்து, ஆறு துடிப்புக்குள் நின்றது. வேகம் மாறுவது ஒன்று. சத்தமே மங்கிப்போவது அல்லது கேட்காமல் போவது வேறு. அது வால்வில் உறைவு சேர்வதாக இருக்கலாம், உடனே போக வேண்டியது.

பீட்டா பிளாக்கரை மறந்த நாளில் ஊக்க மாத்திரை சாப்பிடாதீர்கள், மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. பிடித்து வைத்திருக்கும் கை விட்ட நாளில் துரத்தும் கை மட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டேன். ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கையில் வரும்.

அளவு ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிபியும் நாடியும் பார்க்க வேண்டும், பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

9. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்

மெத்தில்ஃபெனிடேட் வார்ஃபரின் உடம்பில் கழிவதைத் தடுக்கலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை உண்டு. அதனால் ஆரம்பிக்கும்போதும், அளவு மாற்றும்போதும், நிறுத்தும்போதும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இதோடு இன்னொரு வழியிலும் ஐஎன்ஆர் நகரும்: பசி. ஊக்க மாத்திரை பசியை அடக்கும். சாப்பாடு குறைந்தால் கீரை, பச்சைக் காய்கறி குறையும், வைட்டமின் கே குறையும், ஐஎன்ஆர் ஏறும். எனக்கு இரண்டாவது வாரம் 2.4 இலிருந்து 3.3க்குப் போனது. எதனால் என்று பிரிக்க முடியவில்லை, வார்ஃபரின் அளவைச் சற்றுக் குறைத்தார்கள். ஆரம்பித்த முதல் மாதம் வாரம் ஒருமுறை பார்த்தேன். ஐஎன்ஆர் பார்க்கும் இடத்தில் "புது மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்ல வேண்டும், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இப்போது ஒரு விஷயம், யாரும் எனக்குச் சொல்லாதது. வார்ஃபரினைப் பொதுவாக மாலையில் சாப்பிடச் சொல்வார்கள். காலையில் ஐஎன்ஆர் பார்த்தால் அன்று மாலையே அளவை மாற்றலாம் என்ற வசதிக்காக. ஆனால் ஏடிஎச்டி மாத்திரை இறங்கி, மறதி உச்சத்துக்கு வருவதும் அதே மாலையில்தான்! நான் மறந்த பதினோரு நாளும் மாலை வேளைதான். ஐஎன்ஆர் பார்ப்பவரிடம் கேட்டு, மாத்திரையின் பலன் இருக்கும் மதியம் மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டேன். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். மாறிய பிறகு நான்கு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மறந்துபோனால் அன்றைக்குள் நினைவு வந்தால் சாப்பிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் இரண்டாகப் போடாதீர்கள், தேதியைக் குறித்துவிட்டு ஐஎன்ஆர் பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

10. செலவு

எங்கே செலவாகும் என்று முன்பே தெரிந்தால் பாதியில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு சிறப்பு மருத்துவர்களின் சந்திப்புகள், ஈசிஜி, தேவைப்பட்டால் ஹோல்டர், முதல் மாதத்தின் கூடுதல் ஐஎன்ஆர் சோதனைகள், பிபி கருவி, மாத்திரை. எக்கோவுக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். வழக்கமான எக்கோ மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் அதுவே போதுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் போதும் என்பார்கள். அளவு நிலைக்கும் வரை மாத்திரையைக் கொஞ்சமாகவே வாங்குங்கள். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் திருப்பித் தர முடியாது. எனக்கு ஒரு மாத அட்டை அப்படியே வீணானது. காப்பீடு இருந்தால் முன் அனுமதி தேவையா என்று மருந்துச்சீட்டு எழுதும் முன்பே கேளுங்கள், அதற்கே சில வாரம் ஆகலாம். மாதிரிக்கு என் கணக்கு: கடிதம் கேட்டதிலிருந்து கைக்கு வர மூன்று வாரம், மனநல மருத்துவர் சந்திப்புக்கு இரண்டு வாரம், அளவு நிலைக்க எட்டு வாரம்.

11. மருந்துக் கடையும் பயணமும்

மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெடமினும் 1971 ஐநா உளமருந்து உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அதனால் எங்குமே கெடுபிடி. சீட்டுக்குக் காலக்கெடு இருக்கும், பல இடங்களில் மறுமுறை புதுச் சீட்டு வேண்டும். உங்கள் மருந்துப் பட்டியலில் வார்ஃபரினைப் பார்த்ததும் மருந்தாளர் நிறுத்திக் கேட்பார். கேட்பது அவர் கடமை. இதய மருத்துவரின் கடித நகலைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடியும். மாத்திரை தீர ஒரு வாரம் முன்பே போங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் அந்த நாட்டு விதியை முன்கூட்டியே பாருங்கள். ஜப்பானுக்குள் ஆம்ஃபெடமின் கொண்டுபோகவே முடியாது, மருத்துவர் கடிதம் இருந்தாலும்.

சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். ஊக்க மாத்திரையோடு சேர்ந்தால் பிபியும் நாடியும் ஏறும். லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் ஏடிஎச்டி மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

12. உடனே மருத்துவமனைக்கு

நெஞ்சு வலி, மயக்கம், தலைசுற்றலோடு கூடிய படபடப்பு, படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஏடிஎச்டி மாத்திரை வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். காரணம் தெரியாத காய்ச்சல் தொடர்ந்தால் ஏடிஎச்டி மாத்திரையோடு சம்பந்தமில்லை என்றாலும் போங்கள், வால்வில் தொற்றாக இருக்கலாம். நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போய்விடும்.

13. பல்

இதைத் தனி எண் போட்டு எழுதக் காரணம் உண்டு. ஊக்க மாத்திரைகளும் அட்டமாக்ஸெடினும் வாயை வறட்டும். எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும், ஈறு கெடும். செயற்கை வால்வு உள்ளவருக்கு வாயிலிருந்து ரத்தத்தில் சேரும் கிருமி வால்வில் போய் ஒட்டலாம். எனக்கு ஆறாவது மாதம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தது. அதுவரை பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஈறில் கை வைக்கும் எந்தச் சிகிச்சைக்கும் முன் ஆன்டிபயாட்டிக் தேவை என்று வால்வு அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். பல் பிடுங்க வேண்டி வந்தால் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐஎன்ஆர் பார்ப்பவரையும் பல் மருத்துவரையும் பேசவிடுங்கள். வாய் வறட்சிக்குச் சர்க்கரை போட்ட மிட்டாய் வேண்டாம், தண்ணீரே போதும்.